தொண்டை அடைத்தால் வழி உண்டு

நாம் சாப்பிடும் சோறு வயிற்றுக்குப் போக ஒரு பாதை இருக்கிறது. அது தொண்டையில் தொடங்குகிறது. நெஞ்சின் நடுவே இறங்குகிறது. வயிற்றில் போய் முடிகிறது. அதன் பெயர் உணவுக்குழாய். பெரியவர்களுக்கு அது சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு சாணைவிடக் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் குழாய் ரப்பர் போல விரியும், சுருங்கும். களி உருண்டையும் இறங்கும். தண்ணீரும் இறங்கும். அது நல்லபடி வேலை செய்யும்போது அதை நாம் நினைப்பதே இல்லை. அது சுருங்கிப் போனால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதும் பெரும் பாடாகிவிடும்.

விஷ மருந்தை விழுங்கிப் பிழைத்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகிறது. ஆனால் இதற்கு வைத்தியம் உண்டு. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

வீட்டுக்குள் வரும் விஷம்

சித்தூர், திருப்பதிப் பக்கம் நிலக்கடலை விளைகிறது. கரும்பு விளைகிறது. மாந்தோப்புகள் நிறைய உண்டு. தக்காளியும் உண்டு. பயிருக்குப் பூச்சி வந்தால் மருந்து அடிக்கிறோம். களை முளைத்தால் களைக்கொல்லி அடிக்கிறோம். மீதி மருந்தை வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். பரண் மேல் வைக்கிறோம். கட்டிலுக்குக் கீழே தள்ளுகிறோம்.

நாம் இதை "மருந்து" என்று சொல்கிறோம். ஆனால் இது விஷம். பயிருக்குத்தான் மருந்து. மனிதருக்கு விஷம்.

வீட்டில் வேறு விஷங்களும் உண்டு. கக்கூஸ் கழுவும் ஆசிட் ஒன்று. சோடா காரம் இன்னொன்று. தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் இவற்றைக் குடித்துவிடுகிறார்கள். பெரியவர்களும் இருட்டில் தவறிக் குடித்துவிடுகிறார்கள். கடன் தொல்லையிலும், வீட்டுச் சண்டையிலும், மனம் உடைந்து குடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லா விஷமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சில பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்கும், மூச்சை நிறுத்தும். சில களைக்கொல்லிகள் வாயையும் தொண்டையையும் வேக வைத்துப் புண்ணாக்கும். சில மருந்துகளில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள்களும் புண்ணாக்கும். ஆசிட்டும் சோடா காரமும் உணவுக்குழாயை மிக மோசமாக எரிக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

இப்படி ஒன்று நடந்ததாக வைத்துக்கொள்வோம். சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஒரு விவசாயி இரவில் தாகத்தோடு எழுந்தார். கரண்டு இல்லை. கைக்கு ஒரு சோடா பாட்டில் அகப்பட்டது. அதில் மீதிக் களைக்கொல்லியை ஊற்றி வைத்திருந்தார்கள். அவருக்கு அது நினைவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டார். வாய் எரிந்தது. கத்தினார். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "உப்புத் தண்ணி குடு" என்பார் ஒருவர். "புளியைக் கரைச்சு ஊத்து" என்பார் இன்னொருவர். "தொண்டையில விரலை விட்டு வாந்தி எடுக்க வை" என்பார் மூன்றாமவர். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே கெடுதல்.

ஏன் கெடுதல்? எரிக்கும் பொருள் ஒருமுறை இறங்கும்போதே குழாயைச் சுட்டுவிட்டது. வாந்தி எடுக்க வைத்தால் அதே பொருள் மேலே வரும். மறுபடியும் சுடும். மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியவை இவை:

1. உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள்.
2. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். விழுங்கக் கூடாது.
3. உடம்பில், துணியில் விஷம் பட்டிருந்தால் துணியைக் கழற்றுங்கள். உடம்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ள வேண்டும்.
4. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
5. விஷம் இருந்த பாட்டிலையும், அட்டைப் பெட்டியையும், அதில் உள்ள சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்லலாம். அதைக் கேட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சில விஷங்கள் மெதுவாக வேலை செய்யும். முதல் நாள் நடமாடியவர் பிறகு படுத்துவிடலாம். ஒரு வாய்தான் குடித்தார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று சிலர் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும், போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும் முக்கியமானது. மனம் உடைந்து உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. ஆகவே டாக்டரிடம் உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள்.

புண் ஆறும்போது என்ன ஆகிறது?

நமது விவசாயி பிழைத்துக்கொண்டார். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாய்ப் புண் ஆறியது. கஞ்சி குடித்தார். வீட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

கையில் தீக்காயம் பட்டவரைப் பார்த்திருப்பீர்கள். ஆழமான காயம் ஆறும்போது தழும்பு விழுகிறது. தோல் தடித்து இழுத்துக்கொள்கிறது. முழங்கையில் பட்டிருந்தால் கையை நீட்ட முடிவதில்லை.

உணவுக்குழாய்க்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. உள்ளே வெந்த இடம் ஆறுகிறது. தழும்பு விழுகிறது. மூன்றாவது வாரம் முதல் தழும்பு இறுகத் தொடங்குகிறது. குழாய் வட்டமானது அல்லவா? தழும்பு இறுகும்போது அந்த வட்டம் சிறுத்துப் போகிறது. சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போல ஆகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் இது தெரிந்துவிடும். சிலருக்கு இன்னும் தாமதமாகவும் வரலாம்.

முதலில் களி இறங்காது. பிறகு சோறு இறங்காது. அதன் பிறகு கஞ்சியும் நெஞ்சில் நிற்கும். கடைசியில் எச்சில்கூட இறங்காது. ஆள் இளைத்துக்கொண்டே போவார்.

இதைப் பலர் "விதி" என்று நினைக்கிறார்கள். "செஞ்ச பாவத்துக்குத் தண்டனை" என்று வெட்கப்படுகிறார்கள். மந்திரிக்கப் போகிறார்கள். தொண்டை வலிக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். நாள் போகிறது. உடம்பில் சத்துப் போகிறது. விஷத்திலிருந்து தப்பியவர் பட்டினியால் சாகும் நிலைக்கு வந்துவிடுகிறார். இப்படி ஆகவே கூடாது. இது விதி அல்ல, பாவமும் அல்ல. இது தழும்பு. தழும்பை விரிக்க முடியும்.

எங்கே போவது?

சித்தூரில் அரசு மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. இது ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. திருப்பதியிலேயே ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 முதல் அது நடந்து வருகிறது. குடல், இரைப்பை நோய்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. சித்தூரிலிருந்து தெற்கே போனால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. சித்தூர்க்காரர்களுக்குத் திருப்பதியைவிட வேலூர் பக்கம்.

ஆந்திர அரசு ஒரு மருத்துவ உதவித் திட்டம் நடத்துகிறது. 2007இல் ஆரோக்யஸ்ரீ என்ற பெயரில் அது தொடங்கியது. பிறகு பெயர் மாறி மாறி வந்திருக்கிறது. எந்தச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள உதவி மேசையில் கேளுங்கள். ரேஷன் கார்டையும் ஆதார் கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பு தந்த சீட்டுகளையும் மறக்காதீர்கள்.

குழாயை விரிக்கும் வைத்தியம்

நமது விவசாயியை அவருடைய தாயார் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்ததாக வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் நர்சிடம் அவர் பேசுகிறார்.

"சிஸ்டர், என் பிள்ளைக்கு நாலு நாளா சோறே இறங்கலம்மா. தொண்டையை அறுத்துடுவாங்களா?"

"பயப்படாதீங்க பெரியம்மா. அறுக்க மாட்டாங்க. முதல்ல படம் எடுப்பாங்க. வெள்ளையா மாவு மாதிரி ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுப்பாங்க. எந்த இடத்துல அடைச்சிருக்கு, எவ்வளவு நீளத்துக்கு அடைச்சிருக்குன்னு அதுல தெரியும்."

"அப்புறம்?"

"வாய் வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டுப் பார்ப்பாங்க. அதோட நுனியில விளக்கும் கேமராவும் இருக்கும். அதுக்குப் பேரு எண்டோஸ்கோப்பி. அடைப்பு வழியா ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விடுவாங்க. அந்தக் கம்பி மேல வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியைக் கோத்து உள்ளே தள்ளுவாங்க. முதல்ல சின்னது. அப்புறம் கொஞ்சம் பெரிசு. அப்படியே வழி விரியும்."

"ஒரே நாள்ல சரியாயிடுமா?"

"ஆகாது பெரியம்மா. ஒரே நாள்ல ரொம்ப விரிச்சா குழாய் கிழிஞ்சிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் விரிக்கணும். ஒரு வாரம், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வரணும். திரும்பத் திரும்ப வரணும்."

நர்சு சொன்னதை நாமும் கவனிப்போம். குச்சிக்குப் பதிலாகச் சிலருக்குப் பலூன் வைத்தும் விரிப்பார்கள். சுருங்கிய பலூனை அடைப்புக்குள் வைத்து ஊதுவார்கள். எந்த முறை நல்லது என்று டாக்டர் முடிவு செய்வார்.

முன்காலத்தில் இந்தக் குச்சிகளை மெழுகால் செய்தார்கள். இன்று அளவு குறித்த பிளாஸ்டிக் குச்சிகள் வந்துவிட்டன. 5 மில்லிமீட்டர் குச்சி பென்சிலைவிட மெல்லியது. 15 மில்லிமீட்டர் குச்சி சுண்டு விரல் பருமன் இருக்கும். ஒருமுறைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் கூட்டுவது வழக்கமில்லை. சுமார் 15 மில்லிமீட்டர் வரை வழி விரிந்துவிட்டால், பலரும் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடலாம்.

விஷம் குடித்த உடனே இந்த வைத்தியத்தைத் தொடங்க மாட்டார்கள். அப்போது குழாய் புண்ணாக, மெலிந்து இருக்கும். புண் ஆறச் சில வாரம் பொறுப்பார்கள்.

விரித்த அன்று கொஞ்சம் வலி இருக்கலாம். ஆனால் நெஞ்சில் கடும் வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்து வீக்கம், ரத்த வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே அதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழாய் கிழிந்திருக்கலாம்.

பட்டினி கிடக்க வேண்டாம்

வழி திறக்கும் வரை உடம்புக்குச் சத்து வேண்டும். கஞ்சியும் இறங்காதவர்களுக்கு வயிற்றின் மேல் சின்னத் துளை போடுவார்கள். அங்கிருந்து குடலுக்குள் ஒரு டியூப் வைப்பார்கள். பாலும் வடிகட்டிய கஞ்சியும் அந்த டியூப் வழியாகப் போகும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த டியூப் உயிர் காக்கும். வழி திறந்த பிறகு அதை எடுத்துவிடலாம்.

வாயால் சாப்பிடத் தொடங்கியவர்கள் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

முதலில் பால், மோர், பருப்புத் தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி. பிறகு குழைந்த சோறு, பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம். டாக்டர் சொன்ன பிறகுதான் கெட்டியான சாப்பாடு.

உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சின்னச் சின்ன வாயாக மென்று சாப்பிட வேண்டும். சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. கறித் துண்டு, மாங்காய் நார், கடலை, பழக்கொட்டை இவை அடைப்பில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

சாராயம், பீடி, புகையிலை வேண்டாம். காரமும் குறைய வேண்டும்.

நடுவில் நிறுத்தாதீர்கள்

இந்த வைத்தியத்தில் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். இரண்டு முறை வருகிறார்கள். சோறு இறங்குகிறது. "சரியாகிவிட்டது" என்று நின்றுவிடுகிறார்கள். பஸ் செலவு இருக்கிறது. ஒரு நாள் கூலி போகிறது. அறுவடை நேரம் வந்துவிடுகிறது. அவர்கள் சொல்லும் காரணங்கள் உண்மையானவைதான். ஆனால் தழும்பு காத்திருப்பதில்லை. அது மறுபடி இறுகுகிறது. பாதி திறந்த வழி திரும்பவும் மூடிக்கொள்கிறது. பிறகு தொடங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே அடுத்த தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். நீங்கள் இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எந்தத் தேதியில் விரித்தார்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஊரும் உறவும் கைகொடுக்க வேண்டும். ஒரு நாள் அவர் மாட்டைப் பார்த்துக்கொள்வதும் உதவிதான்.

எத்தனை முறை விரித்தும் சிலருக்கு வழி நிற்காது. அவர்களுக்கு ஆபரேஷன் செய்வார்கள். வயிற்றையோ பெருங்குடலின் ஒரு பகுதியையோ மேலே இழுத்துப் புது உணவுக்குழாய் அமைப்பார்கள். அது பெரிய ஆபரேஷன். அதன் பிறகும் வாயால் சாப்பிட முடியும்.

பல ஆண்டுகள் கழித்து மறுபடி சோறு அடைக்கத் தொடங்கினால் அலட்சியம் வேண்டாம். பழைய தழும்பில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. உடனே காட்ட வேண்டும்.

ஒரு சொல் காப்பாற்றிய கதை

அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற டாக்டர் இருந்தார். 1865இல் பிறந்தவர். உணவுக்குழாய்க்குள் விளக்கு விட்டுப் பார்க்கும் கருவிகளைச் செம்மைப்படுத்தியவர். அந்தக் காலத்தில் அங்கே வீடுகளில் சோப்புச் செய்யவும் பாத்திரம் கழுவவும் சோடா காரம் வைத்திருந்தார்கள். டப்பாவின் மேல் விஷம் என்று எழுதியிருக்காது. குழந்தைகள் அதைச் சர்க்கரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் அவரிடம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். தண்ணீர்கூட இறங்காத நிலை. டாக்டர் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார். தண்ணீர் கொடுத்தார்கள். அவள் பயந்து பயந்து ஒரு மடக்குக் குடித்தாள். இறங்கியது. இன்னொரு மடக்குக் குடித்தாள். அதுவும் இறங்கியது. அவள் டம்ளரை ஒதுக்கிவிட்டு டாக்டரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். ஜாக்சன் தமது வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார்.

குணப்படுத்தினால் மட்டும் போதாது, வராமல் தடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். ஊர் ஊராகப் பேசினார். பல ஆண்டுகள் போராடினார். 1927இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. எரிக்கும் பொருள் உள்ள டப்பாவின் மேல் "விஷம்" என்று எழுத வேண்டும் என்று ஆனது.

நமது நாட்டிலும் பூச்சிமருந்துச் சட்டம் 1968இல் வந்தது. பாட்டிலின் மேல் ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப் பாதி முக்கோணத்தில் நிறம் இருக்கும்.

சிவப்பு: மிகக் கொடிய விஷம். மண்டை ஓட்டுப் படமும் இருக்கும்.
மஞ்சள்: கொடிய விஷம்.
நீலம்: ஆபத்து.
பச்சை: எச்சரிக்கை.

பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. நான்கு நிறமும் ஆபத்தான நிறங்கள்தான்.

சோடா பாட்டிலில் ஊற்றியவுடன் இந்த நிறமும் போய்விடுகிறது, எழுத்தும் போய்விடுகிறது. ஆகவே விஷத்தை வேறு பாட்டிலுக்கு மாற்றக் கூடாது. தேவையான அளவுதான் வாங்க வேண்டும். வீட்டுக்குள் வைக்காமல் தனியாகப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.

பக்கத்து நாடான இலங்கையில், மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1980களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பிறகு அங்கே தற்கொலைச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன. நெல் விளைச்சல் குறையவில்லை. விஷம் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர்கள் தப்புகின்றன.

மனம் உடைந்தவருக்கு

மனம் உடைந்து விஷம் குடித்தவர் பிழைத்து வந்தால் அவரைக் குத்திக் காட்டாதீர்கள். "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று திட்டுவதை விட, "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அந்தத் துயரம் வந்த வேகத்தில் வடிந்தும் போகும். உங்களுக்கே அப்படித் தோன்றினால் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். காசு கிடையாது. தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள்.

படித்ததை நினைத்துப் பார்ப்போம்

1. விஷம் குடித்தவரை ஏன் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது?
2. தழும்பு எந்த வாரத்திலிருந்து இறுகத் தொடங்குகிறது?
3. சோறு இறங்குகிறது என்று வைத்தியத்தை நிறுத்தினால் என்ன ஆகும்?
4. விரித்த பிறகு எந்த அறிகுறிகள் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

எழுதிப் பழகுவோம்

உணவுக்குழாய், தழும்பு, களைக்கொல்லி, எண்டோஸ்கோப்பி, எச்சரிக்கை. ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

கூடிப் பேசுவோம்

உங்கள் தெருவில் விஷம் குடித்துப் பிழைத்தவர் யாராவது சாப்பிடச் சிரமப்படுகிறாரா? அவரோடு ஆஸ்பத்திரிக்குத் துணையாக யார் போகலாம்?

செய்து பார்ப்போம்

இன்றே உங்கள் வீட்டில் உள்ள மருந்துப் பாட்டில்களைப் பாருங்கள். முக்கோணத்தின் நிறத்தைக் கண்டுபிடியுங்கள். பெயரைப் படியுங்கள். பெயர் இல்லாத பாட்டில் இருந்தால் அதில் "விஷம்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பிறகு குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.